மூஞ்சில என்ன மாப்ள?

தலைப்புல இருக்கிற கேள்வியை நீங்க யார்கிட்டயாவது கேட்டிருப்பீங்க. நான் அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நிக்கிற ஆளு. காலையில கூமாப்பட்டியில பஸ் ஏறி, வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையத்துல காலேஜ் வாசல்ல இறங்குறதுக்குள்ள குறைஞ்சது ரெண்டு பேராவது கேட்டுருவாங்க. "மூஞ்சில என்ன மாப்ள?" பதிலை மனப்பாடமா வெச்சிருக்கேன். "எக்ஸிமா. ஒட்டாது. பக்கத்துல உட்காரு."

உட்கார்றவங்களும் உண்டு. "பரவால்ல மாப்ள, அடுத்த ஸ்டாப்புதான்"னு கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறவங்களும் உண்டு. அவங்க மேல கோபம் இல்லை. கை கால்ல வந்தா ஃபுல் ஸ்லீவ் போட்டு மறைச்சிடலாம். முகத்துக்கு ஏது பாஸ் ஃபுல் ஸ்லீவ்?

எக்ஸிமான்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடுறேன். நம்ம ஊர்ப் பாட்டிங்க 'கரப்பான்'னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். தோல் வறண்டு, சிவந்து, அரிச்சு, செதில் செதிலா உரியும். ரொம்ப சொறிஞ்சா நீர் கோத்து வடியும். நம்ம தோல் ஒரு செங்கல் சுவர்னு வெச்சுக்கோங்க. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட் கொஞ்சம் கம்மி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போயிடும், வெளியே இருக்கிற தூசி உள்ளே வந்துடும். இந்தச் சுவருக்கு முக்கியமான 'ஃபிலாக்ரின்'ங்கிற புரோட்டீனோட ஜீன்ல கோளாறு இருந்தா எக்ஸிமா வர்ற வாய்ப்பு அதிகம்னு 2006-ல ஸ்காட்லாந்துல டண்டீ பல்கலைக்கழக டீம் கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு ஆஸ்துமா, ஒருத்தருக்குக் காலையில பத்து தும்மல், ஒருத்தருக்கு எக்ஸிமான்னு பங்கு பிரிச்ச மாதிரி வரும். எங்க வீட்டுல சொத்து பெருசா இல்லை. இது மட்டும் கரெக்டா பிரிஞ்சு வந்திருக்கு!

ஊர்ல ஒருத்தனுக்கு முகத்துல ஏதாவது வந்தா எல்லாருமே டாக்டர்தான். எங்க அப்பத்தா லிஸ்ட் முதல்ல. கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, மொச்சை கூடாது, சோளம் கூடாது. எல்லாம் கரப்பான் பண்டமாம். "ஏய்யா ராசா, வாயைக் கட்டுனா மூஞ்சி தெளியும்யா"ன்னு சொல்லும். அப்பத்தா மேல எனக்கு உயிர். ஆனா எங்க ஸ்கின் டாக்டர் சொன்னது வேற. ஒரு குறிப்பிட்ட அயிட்டத்தைச் சாப்பிட்டதும் ஒவ்வொரு தடவையும் அரிக்குதுன்னா அதைக் கவனிக்கணும். அப்படி எதுவும் இல்லாம லிஸ்ட் போட்டுப் பட்டினி கிடந்தா, உடம்பு இளைக்கும், எக்ஸிமா அப்படியே இருக்கும். முக்கியமா வளர்ற பசங்களுக்கு. இப்ப நான் கத்திரிக்காய் சாப்பிடுறேன். அப்பத்தா பார்க்காதப்போ.

அடுத்தது மூலிகைக் கோஷ்டி. எங்க ஊர்ப்பக்கம் சதுரகிரி இருக்கு. வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறை அடிவாரம். மலையே மூலிகைன்னு சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அதனால யாராவது பேர் ஒட்டாத டப்பாவுல பச்சை கலர்ல ஒண்ணை நீட்டி, "சதுரகிரி சரக்கு, மூணே நாள்"னு சொன்னா மறுக்கத் தோணாது. நான் சித்த வைத்தியத்தைக் குறை சொல்லலை. படிச்சுப் பட்டம் வாங்கின சித்த டாக்டர்கள் அரசு மருத்துவமனைகள்லயே இருக்காங்க. அங்க போங்க, தாராளமா. பேர் இல்லாத டப்பாதான் பிரச்னை. 1999-ல லண்டன்ல ஒரு ஸ்கின் டிபார்ட்மென்ட்ல, எக்ஸிமாவுக்குன்னு நோயாளிங்க வாங்கித் தடவின 11 மூலிகைக் கிரீமை லேப்ல சோதிச்சுப் பார்த்தாங்க. 8-ல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருந்துச்சு. மூணே நாள்ல முகம் ஏன் பளிச்னு ஆகுதுன்னு புரியுதா?

இன்னொரு கோஷ்டி 2025-ல புதுசா முளைச்சுது. அந்த வருஷம்தான் ஒரு ரீல்ஸ் எங்க கூமாப்பட்டியை எங்கேயோ கொண்டு போயிடுச்சே... பிளவக்கல் அணைத் தண்ணியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார்ல வந்தாங்க. அணையில குளிக்க அனுமதி இல்லைன்னு அதிகாரிங்க சொல்ல வேண்டியதாப் போச்சு. எங்க கிளாஸ்ல ஒரே கலாய். "ஊர்த் தண்ணி இவ்ளோ ஃபேமஸு, உன் மூஞ்சிய மட்டும் ஏன்டா விட்டுடுச்சு?" நியாயமான கேள்விதான்! தண்ணியை மாத்தினா எக்ஸிமா போகுமான்னு நிஜமாவே டெஸ்ட் பண்ணியிருக்காங்க. உப்புத் தண்ணி இருக்கிற ஏரியாவுல எக்ஸிமா அதிகமா இருக்குன்னு சில ஆராய்ச்சிகள் சொல்லுது. அதனால இங்கிலாந்துல 336 பசங்களை எடுத்து, பாதிப் பேர் வீட்டுல தண்ணியோட கடினத்தன்மையை நீக்குற மெஷின் மாட்டிப் பார்த்தாங்க. 2011-ல ரிசல்ட் வந்துச்சு. மெஷின் மாட்டினதால எக்ஸ்ட்ராவா ஒரு பலனும் இல்லை. ஸோ, எங்க ஊருக்கு வாங்க, மலையைப் பாருங்க, தென்னந்தோப்புல உட்காருங்க. முகத்துக்காக வராதீங்க.

சரி, இதெல்லாம் காமெடி. இனி சீரியஸ். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த ட்யூபுக்காகத்தான்.

எந்த ட்யூப்? உங்களுக்கே தெரியும். மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, மூஞ்சில அரிப்பு"ன்னு சொன்னதும், கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து கேள்வியே கேக்காம எடுத்துக் கொடுப்பாங்களே, அது. ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு ஒண்ணு இருக்கும். பருவுக்கு அதுதான், தேமலுக்கு அதுதான், ஷேவிங் எரிச்சலுக்கு அதுதான், "கொஞ்சம் கலரா ஆகணும்"னாலும் அதுதான். பெரும்பாலும் உள்ளே இருக்கிறது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக்னு கூட்டணி வேற.

ஸ்டீராய்டு வில்லன் இல்லைங்க. அதையும் சொல்லிடணும். 1952-ல அமெரிக்காவுல சல்ஸ்பெர்கர், விட்டன்னு ரெண்டு டாக்டர்கள், ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோல் மேல தடவினா எக்ஸிமா அடங்குதுன்னு காட்டினாங்க. அதுக்கு முன்னாடி எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தார்தான் வைத்தியம். தார்னா நிலக்கரித் தார். முகத்துல தாரைப் பூசிட்டுக் காலேஜுக்குப் போறதை நினைச்சுப் பாருங்க! ஸ்டீராய்டு வந்தது எங்களுக்குப் பெரிய விடுதலை.

சிக்கல் என்னன்னா, முகம் மத்த இடம் மாதிரி இல்லை. 1967-ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஹைட்ரோகார்ட்டிசோன் தடவும்போது முன்கையில 1 பங்கு உள்ளே போகுதுன்னா, நெற்றியில 6 பங்கு போகுது. தாடை ஓரத்துல 13 பங்கு! கண்ணிமை இன்னும் மெல்லிசு. அப்ப கால் வெடிப்புக்கு எழுதிக் கொடுத்த ட்யூபை எடுத்து மூஞ்சியில தடவினா என்ன ஆகும்?

என்ன ஆகும்னு எங்க பெரியம்மா பொண்ணு முகத்துல நான் பார்த்தேன்.

அக்காவுக்கும் என்னை மாதிரியேதான். கன்னத்துலயும் கண்ணைச் சுத்தியும் எக்ஸிமா. ப்ளஸ் டூ படிக்கும்போது, ஒரு மெடிக்கல் ஷாப்ல கொடுத்த ட்யூபைப் பெரியம்மா வாங்கிட்டு வந்தாங்க. ஒரே வாரத்துல முகம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பாக்குறவங்க எல்லாம் "என்னடி கலராயிட்ட"ன்னாங்க. நிறுத்தினா ரெண்டு நாள்ல அரிப்பு திரும்பும். திரும்பத் தடவுவா. அடங்கும். இப்படியே ஆறு வருஷம். யாரும் அவகிட்ட "இது ஸ்டீராய்டு"ன்னு சொல்லலை. ட்யூபைக் கொடுத்தவங்களும் சொல்லலை, கேட்டு வாங்கினவங்களுக்கும் தெரியலை.

கடைசியில வெயில்ல நின்னாலே முகம் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிய ஆரம்பிச்சுது. கன்னத்துல சிவப்பு நூல் மாதிரி நரம்பு தெரிஞ்சுது. தாடையில பூனை முடி. வாயைச் சுத்திப் பரு. ஸ்கின் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ட்யூப்மா? எத்தனை வருஷமா?" அப்ப அக்காவுக்கு நிச்சயம் முடிஞ்சு, கல்யாணத்துக்கு அஞ்சே மாசம்.

டாக்டர் மறைக்காமச் சொல்லிட்டார். இதை விட்டாகணும். விட ஆரம்பிச்சா முதல்ல இன்னும் மோசமாகும். எவ்வளவு நாள்னு அவரால உறுதியாச் சொல்ல முடியாது. மாசக்கணக்குல ஆகலாம். கண்ணு பக்கத்துல இத்தனை வருஷம் தடவினதால கண் டாக்டர்கிட்டயும் காட்டணும், ஏன்னா கண்ணுல அழுத்தம் கூடலாம், புரை விழலாம்.

வீட்டுல ஒரே குரல். "கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அதையே தடவு. போட்டோ நல்லா இருக்கணும்ல." பெரியம்மா அழுதாங்க. பெரியப்பா பேசவே இல்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இப்பக் கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளை வீட்டுல காட்டினா என்ன சொல்வாங்களோன்னு பயம்.

அக்கா நிறுத்திட்டா. டாக்டர் சொன்ன முறையில, வீரியம் குறைஞ்ச மருந்துக்கு மாறி, கொஞ்சம் கொஞ்சமா. ரெண்டாவது வாரம் முகம் வீங்கிக் கண்ணு ஒரு கோடா இருந்துச்சு. ராத்திரி ஈரத்துணியை முகத்துல போட்டுட்டுத் திண்ணையில உட்கார்ந்திருப்பா. நான் விசிறி வெச்சு வீசுவேன். அன்னிக்கு ஒரு ராத்திரி, அத்தானுக்கு அவளே போன் போட்டா. வீட்டுல யார்கிட்டயும் கேக்கலை. நடந்தது எல்லாத்தையும் சொல்லி, "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் இருப்பேன், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "வலிக்குதா?"

கல்யாண ஆல்பத்துல அக்கா முகம் சிவப்பாத்தான் இருக்கு. மேக்கப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார், போடலை. போட்டோக்காரர் "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்"னு சொன்னார். வேண்டாம்னுட்டா.

அக்கா கதை தனிக் கதை இல்லைங்க. இந்தியாவுல 12 சென்டர்கள்ல முகப் பிரச்னைன்னு ஸ்கின் டாக்டர்கிட்ட வந்த 2,926 பேரை விசாரிச்சு, 2011-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. அதுல 433 பேர் முகத்துல ஸ்டீராய்டு கிரீம் தடவிட்டு இருந்தவங்க. கிட்டத்தட்ட ஏழு பேர்ல ஒருத்தர். நிறையப் பேருக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை. அந்த நிலைமைக்கே ஒரு மருத்துவப் பேர் வெச்சுட்டாங்கன்னா பார்த்துக்கோங்க, 'ஸ்டீராய்டால் சேதமான முகம்'னு. அப்ப சட்டத்துலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. மாத்திரைக்குச் சீட்டு வேணும், மேலே தடவுற மருந்துக்கு விலக்கு. 2018 மார்ச்ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கைத் தூக்கிடுச்சு. டாக்டர் சீட்டு இல்லாம அதை விற்கக் கூடாது. சட்டம் அப்படி. கடையில நடக்கிறது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. முகத்துல வட்டமா அரிக்கிறது படர்தாமரையா இருந்தா? அது பூஞ்சை. அது மேல ஸ்டீராய்டைத் தடவினா மேலோட்டமா அடங்கி, அடியில ஜாலியாப் பரவும். வடிவமே மாறிப்போய் டாக்டருக்கே குழப்பும். மூக்கு ஓரம், புருவம், தலையில மஞ்சளா எண்ணெய்ப் பிசுக்கோட செதில் வந்தா அது பொடுகோட அண்ணன். செபோரிக் டெர்மடைட்டிஸ்னு பேரு. அதுக்குத் தேங்காய் எண்ணெயை அப்பினா இன்னும் கூடலாம். ரோட்டோரம் வெள்ளைப் பூவோட நிக்குதே பார்த்தீனியம், அதோட துகள் காத்துல வந்து பட்டே சிலருக்கு முகம், இமை, கழுத்துன்னு வெடிச்சுப் போகும். தோட்ட வேலை பார்க்கிற நம்ம அப்பாக்கள், சித்தப்பாக்கள்ல எத்தனை பேருக்கு அது இருக்கோ. ஹேர் டையும் அப்படியே. தலையில போடுறது, வீங்குறது முகம். ஆக, எல்லா அரிப்பும் ஒரே அரிப்பு இல்லை. ஒரு தடவையாவது ஸ்கின் டாக்டர் கண்ணால பார்க்கணும். விருதுநகர்லயே 2022-ல அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு, மதுரை வரைக்கும் ஓட வேண்டியதில்லை.

இப்ப நீங்க ரொம்ப நாளா அந்த ட்யூபைத் தடவிட்டு இருக்கீங்களா? இதைப் படிச்சுட்டு இன்னிக்கே குப்பையில போட்டுடாதீங்க, ப்ளீஸ். திடீர்னு நிறுத்தினா முகம் பழி வாங்கும். ட்யூபைப் பையில போட்டுட்டுப் போய் டாக்டர் மேஜையில வைங்க. எப்படி இறக்கணும்னு அவர் சொல்வார்.

என் முகத்தை நான் எப்படிப் பார்த்துக்கிறேன்னு கேட்டா... செம போரான பதில்தான். காலையிலும் ராத்திரியும் சாதாரணத் தண்ணியில முகம் கழுவுவேன். வெந்நீர் கிடையாது. சோப்பு கிடையாது. நம்ம தோல் லேசான அமிலம், சோப்பு காரம், ரெண்டுக்கும் ஒத்துவராது. டாக்டர் சொன்ன சோப்பில்லாத கிளென்சர்தான். துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர். மூணு நிமிஷக் கணக்கு. எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க! இங்கிலாந்துல 550 பசங்களுக்கு லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட்னு நாலு வகையையும் கொடுத்துப் பார்த்து 2022-ல சொன்னாங்க, பலன்ல பெரிய வித்தியாசம் இல்லைன்னு. தினமும் நீங்க சலிக்காமப் போடுறது எதுவோ அதுதான் பெஸ்ட். வாசனை இல்லாததாப் பார்த்துக்கோங்க. காஸ்ட்லியா இருக்கணும்னு அவசியமே இல்லை.

அரிப்பு கிளம்பிட்டா மருந்து. டாக்டர் எழுதினது, எழுதின நாள் வரைக்கும் மட்டும். முகத்துக்குன்னா லேசான ஸ்டீராய்டு, சில நாள். இமைக்கும் அடிக்கடி வர்ற இடத்துக்கும் டாக்ரோலிமஸ்னு ஸ்டீராய்டே இல்லாத ஆயின்ட்மென்ட் உண்டு. ஆரம்பத்துல சுரீர்னு எரியும், பயந்து விட்டுடாதீங்க. அளவு தெரியாம முழிக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் ரேகை வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினா சுமார் அரை கிராம். முகம், கழுத்து முழுக்கப் போட அதுல ரெண்டரை தடவை போதும். எனக்கு ரெண்டு கன்னம்தான், அதனால இன்னும் கம்மி.

பருவ காலம் மாதிரி எங்களுக்கு எக்ஸாம் காலம். செமஸ்டர் வந்தா தூக்கம் போகும், டென்ஷன் ஏறும், கை தானா முகத்துக்குப் போகும். நகத்தை ஒட்ட வெட்டிடுவேன். அரிக்கும்போது சொறியாம ஈரக் கைக்குட்டையை வெச்சு அழுத்துவேன். பஸ்ல ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்துடுவேன், கிருஷ்ணன்கோவில் தாண்டினா அடிக்கிற தூசி அப்படி. ஷேவிங்கை தினமும் பண்றதில்லை. மூணு நாள் தாடிக்கு லெக்சரர் முறைப்பார், பரவாயில்லை. அப்புறம் இந்த டியோ ஸ்ப்ரே... மாப்ளைகளா, பஸ்ஸுக்குள்ள அடிக்காதீங்கடா. உங்களுக்கு வாசனை, எனக்குக் கண்ணிமை.

இதுக்கு மேலயும் மஞ்சளாப் பொருக்குத் தட்டி வடிஞ்சாலோ, காய்ச்சலோட குட்டிக் குட்டிக் கொப்புளம் கூட்டமா வந்து வலிச்சாலோ, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரி. கொப்புளம் ஹெர்ப்பிஸ் வைரஸா இருந்தா, கண்ணுக்குப் பக்கத்துல விளையாட்டு இல்லை.

ஒரு சின்ன டிப்ஸ் சொல்லிட்டுக் கிளம்புறேன். அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போற அன்னிக்கு மட்டும் முகம் மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கும். டாக்டர் "எங்கேப்பா?"ன்னு கேப்பார். நாம பேந்தப் பேந்த முழிப்போம். அதனால ரொம்ப மோசமா இருக்கிற நாள்ல ஒரு செல்ஃபி எடுத்து வெச்சுக்கோங்க. ஃபில்டர் மட்டும் போட்டுடாதீங்க!